பிளக் சுடுகிறது, எம்சிபி விழவில்லை: ஹீட்டரைத் தொடர்ந்து போடலாமா?

கேள்வி இதுதான்: 2000 வாட் ஹீட்டர் ஒன்றை ராத்திரியில் நாலைந்து மணி நேரம் போடுகிறீர்கள். சுவரில் இருக்கிற சாக்கெட்டிலிருந்து ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலிருந்து ஹீட்டர். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டால் கையை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. ஆனால் எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக விழுகிற பாதுகாப்பு ஸ்விட்ச், ஒரு தடவைகூட விழவில்லை, ஹீட்டரும் நன்றாகத்தான் வேலை செய்கிறது, "ஹீட்டர்னா சூடு இருக்கத்தானே செய்யும்" என்கிறார்கள் வீட்டில். இப்படியே விடலாமா?

விடக் கூடாது. இன்றைக்கு ராத்திரியிலிருந்தே அந்த சாக்கெட்டில் ஹீட்டரைப் போடாதீர்கள், மிச்சத்தை நிதானமாகப் பேசலாம். சூடு ஹீட்டரின் முகத்தில்தான் இருக்க வேண்டும், பிளக்கில் அது வந்தால் அங்கே ஏதோ எரியத் தயாராகிக்கொண்டிருக்கிறது. வீட்டு மின்வேலையில் நான் கழற்றிப் பார்த்த கருகிய சாக்கெட்டுகளில் அநேகமாக எல்லாவற்றிலும் எம்சிபி விழாமல் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தது. "எம்சிபி விழவில்லை, அப்போ சரிதான்" என்கிற நம்பிக்கை எங்கே தவறுகிறது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அது புரிந்துவிட்டால் மற்றதை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

முதலில் கணக்கு. 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்ப். 120 வோல்ட் இருக்கிற நாடுகளில் நடமாடும் ஹீட்டரைப் பொதுவாக 1500 வாட்டோடு நிறுத்திவிடுகிறார்கள், அதுவே 12.5 ஆம்ப் இழுக்கும். கேட்பதற்குச் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் அந்த சாக்கெட்டில் இத்தனை வருடம் என்ன ஓடியது என்று யோசித்துப் பாருங்கள்: போன் சார்ஜர், மேஜை விளக்கு, எப்போதாவது ஒரு மின்விசிறி, எல்லாம் சேர்த்தாலும் ஒரு ஆம்ப் தேறாது. தண்ணீர் கொதிக்க வைக்கிற கெட்டில் ஹீட்டர் அளவுக்கு இழுக்கும்தான், ஆனால் நாலைந்து நிமிடத்தில் நின்றுவிடும். இஸ்திரிப் பெட்டி சூடேறியதும் விட்டு விட்டுத்தான் இழுக்கும். ஏசி, கீசர் மாதிரி சாமான்களுக்கு வயரிங் செய்யும்போதே தனி லைன் இழுத்திருப்பார்கள். ஹீட்டர் ஒன்றுதான் கையோடு தூக்கிக்கொண்டு போய்க் கண்ட சாக்கெட்டில் செருகிவிட்டு, இருக்கிற கரண்ட் முழுவதையும் மணிக்கணக்காக இழுக்கவிட்டு, நாம் தூங்கியும் போகிற சாமான். பத்து வருடம் ஒரு குறையும் சொல்லாத சாக்கெட்டுக்கு முதல் பரீட்சையே ஹீட்டர் வந்த அன்றுதான்.

அமெரிக்க மின்விதிகளில் இதற்கென்றே ஒரு பேச்சு உண்டு. 3 மணி நேரமோ அதற்கு மேலோ ஓடுகிற சுமையைத் தொடர் சுமை என்று பிரித்து, லைனின் அளவில் 80 சதவீதத்தைத்தான் அதற்குக் கணக்கில் எடுக்கிறார்கள். 15 ஆம்ப் லைன் என்றால் 12 ஆம்ப். 1500 வாட் ஹீட்டர் ஒன்றே அதைத் தாண்டிவிடுகிறது பாருங்கள். எந்த நாட்டு விதியாக இருந்தாலும் அடியில் இருக்கிற விஷயம் ஒன்றுதான்: பத்து நிமிடம் தாங்குவது வேறு, ராத்திரி முழுக்கத் தாங்குவது வேறு.

இப்போது சூடு எங்கிருந்து வருகிறது என்பதற்கு வருவோம். பிளக்கின் பின்னும் சாக்கெட்டுக்குள் இருக்கிற பித்தளை நாக்கும் முழுதாக ஒட்டியிருப்பது போலத் தெரியும். உண்மையில் இரண்டு உலோகமும் தொடுவது சில புள்ளிகளில்தான், அந்தப் புள்ளிகளை அழுத்திப் பிடித்திருப்பது நாக்கின் ஸ்ப்ரிங் இறுக்கம். இறுக்கம் நன்றாக இருந்தால் அந்த இடத்தின் மின்தடை ஓமில் நூறில் ஒரு பங்குகூட வராது. சரி, 0.01 ஓம் என்றே வைத்துக்கொள்வோம். 8.7 ஆம்ப் ஓடும்போது அங்கே உண்டாகிற சூடு முக்கால் வாட், கைக்குத் தெரியவே தெரியாது. நாக்கு கொஞ்சம் தளர்ந்து 0.1 ஓம் ஆனால் ஏழரை வாட், பிளக் வெதுவெதுப்பைத் தாண்டிச் சுட ஆரம்பிக்கும். 0.5 ஓம் ஆனால் 36 வாட். ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அதைவிடப் பெரிய சால்டரிங் அயர்ன் ஒன்றை மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள், சுவருக்குள், படுக்கைக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க எரியவிடுவதற்குச் சமம் அது.

இந்த 0.5 ஓம் கணக்கை இன்னும் ஒரு படி போட்டுப் பாருங்கள், கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. ஹீட்டரின் மின்தடை 26 ஓமுக்குக் கொஞ்சம் மேலே. அதோடு வரிசையில் இந்த அரை ஓமும் சேர்ந்தால் கரண்ட் 8.7-லிருந்து 8.5-க்குக் குறைகிறது. ஆமாம், குறைகிறது. கரண்ட் அளவு மீறினால்தான் எம்சிபி விழும், இங்கே கரண்ட் குறைந்திருக்கும்போது அது எதற்கு விழப்போகிறது? ஹீட்டருக்கும் 230 வோல்ட்டில் நாலு வோல்ட்தான் குறைந்திருக்கிறது, அறைக்கு வருகிற சூட்டில் வித்தியாசமே தெரியாது. சாக்கெட் உள்ளே கருகிக்கொண்டிருக்க, எம்சிபிக்கும் ஹீட்டருக்கும் எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே தெரியும்.

ஆர்சிசிபி இருக்கிறதே என்பீர்கள். அது போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றா என்று மட்டும் பார்க்கிறது, வித்தியாசம் 30 மில்லி ஆம்ப் வந்தால் விழும். உடம்பு வழியாகவோ எர்த் வழியாகவோ கரண்ட் கசிந்தால் உயிரைக் காப்பாற்றுகிற அருமையான சாதனம், கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் லூஸ் கனெக்ஷனில் கசிவே இல்லை, போனது அத்தனையும் திரும்பி வந்துவிடுகிறது. எரிந்து எரிந்து இன்சுலேஷன் போய் எர்த்தைத் தொட்ட பிறகு வேண்டுமானால் விழும், அதற்குள் பாதி சேதம் முடிந்திருக்கும். பிளக்குக்குள் ஃபியூஸ் இருக்கிற 13 ஆம்ப் வகையிலும் இதே கதைதான். அதில் கூடுதலாக ஓர் இடம் உண்டு: ஃபியூஸைப் பிடித்திருக்கிற கிளிப். அது தளர்ந்துவிட்டால் பிளக்கே சுடும், ஃபியூஸ் போகாமலே பிளக்கின் முதுகு பழுப்பேறும்.

அப்புறம், கரண்ட் நிஜமாகவே கூடினாலும் எம்சிபி நாம் நினைக்கிற வேகத்தில் விழுவதில்லை. வீட்டு எம்சிபிக்கான ஐஇசி 60898 என்கிற சர்வதேசத் தரத்தில், எழுதியிருக்கிற அளவைப் போல 1.13 மடங்கு போனால் ஒரு மணி நேரம் வரை அது விழக் கூடாது, 1.45 மடங்கு போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 16 ஆம்ப் எம்சிபிக்கு இது முறையே 18 ஆம்ப், 23.2 ஆம்ப். அதாவது 20 ஆம்ப் ஓடிக்கொண்டிருந்தால் அது விழலாம், விழாமலும் இருக்கலாம், இரண்டுமே தரத்துக்கு உட்பட்டதுதான். எம்சிபி சுவருக்குள் இருக்கிற வயரைக் காப்பாற்ற வைத்தது. சாக்கெட்டின் நாக்கு தளர்ந்திருக்கிறதா என்பது அதன் கண்ணுக்கு எட்டாத விஷயம்.

தளர்ச்சி தானாகவே வளரும் என்பதுதான் இதில் எனக்கு அதிகப் பயம் தருகிற பகுதி. சூடானால் பித்தளை நாக்கின் ஸ்ப்ரிங் தன்மை போகும். ஸ்ப்ரிங் போனால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் மின்தடை ஏறும், அது ஏறினால் சூடு இன்னும் ஏறும். சூட்டில் உலோகத்தின் மேல் கறுப்பாக ஆக்ஸைடு படியும், அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. இதற்கு மேல், தெர்மோஸ்டாட் ஹீட்டரை நிறுத்தி நிறுத்திப் போடும்போதெல்லாம் டெர்மினலில், அதாவது வயரை ஸ்க்ரூவால் பிடித்திருக்கிற இடத்தில், இருக்கிற செம்பும் ஸ்க்ரூவும் விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, பிடி தளர்ந்துகொண்டே வரும். போன வருடம் லேசாகத்தானே சுட்டது என்று நினைத்திருப்போம். இந்த வருடம் அது வேறு நிலைமையில் இருக்கும்.

ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஹீட்டர் போட்டால் அறையில் மீன் வாடை அடிக்கிறது என்று கூப்பிட்டார்கள். ஜன்னல், குப்பைக்கூடை எல்லாம் தேடிவிட்டு, ஹீட்டருக்குள் ஏதாவது பூச்சி விழுந்து எரிகிறதோ என்று ஒரு வாரம் யோசித்திருக்கிறார்கள். சாக்கெட், பிளக் செய்கிற சில வகை பிளாஸ்டிக் அளவுக்கு மீறிச் சூடானால் மீன் வாடைதான் வரும், மூத்திர வாடை என்றும் சிலர் சொல்வார்கள். மெயினை நிறுத்திவிட்டு சாக்கெட்டைப் பார்த்தேன். வெளியே தெரிந்தது ஒரு பின் துளையின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு மஞ்சள் நிழல், அவ்வளவுதான், துடைத்தால் போய்விடும் அழுக்கு போல இருந்தது. பிளக்கை உருவினால் மூன்று பின்னில் இரண்டு பளபளவென்று இருக்க, ஃபேஸ் பின் மட்டும் பழைய செப்புக்காசு மாதிரி கறுத்து, அதன் அடியில் பிளாஸ்டிக் மெழுகு போல வழிந்து உறைந்திருந்தது. பிளேட்டைக் கழற்றியபோது ஃபேஸ் டெர்மினல் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று சும்மா சுற்றிய பிறகுதான் பிடித்தது. அந்த வயரின் இன்சுலேஷன் இரண்டு அங்குலத்துக்குக் கருகி, விரலால் தொட்டதும் முட்டை ஓடு மாதிரி உதிர்ந்தது. உள்ளே செம்பு கறுப்பு. பக்கத்திலேயே நியூட்ரல் வயர் புதிது போலச் சிவப்பாக இருந்தது. 20 ஆம்ப் எம்சிபி மேலே அப்படியே நின்றது. அந்த ஹீட்டரின் அளவும் உங்களுடையதைப் போல 2000 வாட்தான்.

அதில் நடந்த தவறு லூஸ் ஸ்க்ரூ மட்டும் இல்லை, சாக்கெட்டே 6 ஆம்ப் சாக்கெட். இந்தியாவில் 6 ஆம்ப், 16 ஆம்ப் என்று இரண்டு அளவு சாக்கெட் இருக்கிறது, பழைய வீடுகளில் 5, 15 என்று எழுதியிருக்கும். 6 ஆம்பை 230-ஆல் பெருக்கினால் 1380 வாட், அதற்கு மேல் அந்தச் சின்ன சாக்கெட்டில் போடவே கூடாது. ஹீட்டரோடு தடித்த பின் வைத்த 16 ஆம்ப் பிளக் வருவதே அது சின்ன சாக்கெட்டுக்குள் நுழையக் கூடாது என்பதற்காகத்தான். அந்தத் தடையை மீறுவதற்கென்றே ஒரு கன்வெர்ட்டர் பிளக் கிடைக்கிறது: ஒரு பக்கம் தடித்த பின் செருகலாம், மறு பக்கம் மெல்லிய பின். தயவுசெய்து ஹீட்டருக்கு அதைத் தொடாதீர்கள். அதில் ஃபியூஸ் எதுவும் கிடையாது, சாக்கெட்டின் அளவையும் அது கூட்டித் தரப்போவதில்லை, பாதுகாப்புக்காக வைத்திருந்த ஒரே தடையை அது எடுத்துவிடுகிறது. பின்னால் இருக்கிற எம்சிபி 16 ஆம்பாக இருந்தால் சாக்கெட்டின் அளவைப் போல இரண்டு மடங்கு ஓடினாலும் அது கண்டுகொள்ளாது.

பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா மாதிரி 13 ஆம்ப் சதுரப் பின் இருக்கிற இடங்களில் இந்த அளவுக் குழப்பம் இல்லை, 2000 வாட் தாராளமாகப் போடலாம். ஆனால் அங்கே இரட்டை சாக்கெட்டை நம்பி ஏமாறுகிறார்கள். ஒரு பிளேட்டில் இரண்டு துளை இருந்தால் 26 ஆம்ப் கிடைக்கும் என்று அர்த்தம் ஆகாது, இரண்டும் சேர்த்து 20 ஆம்புக்குத்தான் அந்த வகையைச் சோதித்திருப்பார்கள். ஒன்றில் ஹீட்டர், பக்கத்தில் இன்னொரு ஹீட்டர் என்று ஒரே பிளேட்டில் போட்டால் நடுவில் இருக்கிற பித்தளைப் பட்டை சூடாகும். எல்லா நாட்டு பின்னும் நுழைகிற யுனிவர்சல் சாக்கெட் என்று ஒன்று இருக்கிறதே, அதில் நாக்கு எந்தப் பின்னையும் முழுதாகப் பிடிக்காது, போன் சார்ஜரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும்போது எடுத்துப்போகிற டிராவல் அடாப்டருக்கும் இதே தான்.

இப்போது உங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ஹீட்டரை நேராகச் சுவரில் செருகினால் கரண்ட் கடக்கிற தொடுமுனைகள் குறைவு. நடுவில் ஒரு பாக்ஸ் வந்தால் அதன் பிளக்கின் பின்கள், பிளக்குக்குள் ஸ்க்ரூ, பாக்ஸுக்குள் ஸ்விட்ச், அங்கே பற்றவைத்த இணைப்பு, பாக்ஸின் நாக்குகள் என்று தொடுமுனை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, ஒவ்வொன்றும் தளரலாம். அதிலும் பாக்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் மெல்லிய தகட்டில் வெட்டிய பட்டை, சுவர் சாக்கெட்டின் நாக்கில் பாதி தடிமன்கூட இருக்காது. சிவப்பு விளக்கோடு வருகிற அந்தச் சின்ன ஸ்விட்ச் இருக்கிறதே, பல பாக்ஸ்களில் முதலில் உருகுவது அதுதான்.

வயரின் தடிமனும் பாருங்கள். வயரின் மேலேயே அச்சடித்திருக்கும். 0.75 சதுர மி.மீ. என்றால் 6 ஆம்ப், 1 சதுர மி.மீ. 10 ஆம்ப், 1.5 என்றால் 16 ஆம்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஹீட்டருக்கு 1.5-க்குக் கீழே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வயரில் ஒன்றுமே எழுதவில்லை என்றால் அந்த பாக்ஸை ஹீட்டர் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். மிச்ச வயரைச் சுருட்டிக் கட்டி வைக்கிற பழக்கமும் ஆபத்தானது. வயரில் உண்டாகிற சூடு வெளியே போக வழியில்லாமல் சுருளுக்குள்ளேயே தேங்கும். உருளையில் சுற்றிய எக்ஸ்டென்ஷன் வைத்திருப்பவர்கள் அதன் லேபிளைப் படித்துப் பாருங்கள், சுற்றியிருக்கும்போது இவ்வளவு, முழுதும் பிரித்துவிட்டால் இவ்வளவு என்று இரண்டு அளவு போட்டிருக்கும், முதல் எண் இரண்டாவதில் பாதிகூட இருக்காது. வயரைக் கம்பளத்துக்கு அடியில் விடுவதும் மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கவிடுவதும் இதே வகை.

என் தீர்மானமான கருத்து: ஹீட்டருக்கு எக்ஸ்டென்ஷனே வேண்டாம். சாக்கெட் எட்டவில்லை என்றால் ஹீட்டரை நகர்த்துங்கள், அது முடியாவிட்டால் சாக்கெட்டை நகர்த்தச் சொல்லுங்கள். டைமர், ஸ்மார்ட் பிளக் இரண்டையும் இதோடு சேர்த்துத்தான் சொல்கிறேன். அவற்றின் உள்ளே இருக்கிற சின்ன ரிலே பல மாடல்களில் 10 ஆம்ப் வரைதான், ஹீட்டர் அந்த எல்லையை ஒட்டியே மணிக்கணக்கில் ஓடும். அதைவிட முக்கியம், நீங்கள் வீட்டில் இல்லாதபோது ஹீட்டர் தானாக எரிய ஆரம்பிக்கும், அதன் மேல் துணி விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஆள் இருக்காது.

எந்த சாக்கெட் சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது? கைதான் கருவி. பிளேட்டில் விரிசலோ உருகின அடையாளமோ இல்லை என்று பார்த்துக்கொண்டு, கை ஈரமில்லாமல், ஹீட்டரை முழு சூட்டில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். பிறகு ஹீட்டரை அதன் ஸ்விட்சிலும் சுவர் ஸ்விட்சிலும் நிறுத்திவிட்டு உடனே பிளக்கின் முதுகில் விரல்களை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் கவலையில்லை. வீட்டு சாக்கெட்டுக்கான ஐஇசி 60884 தரத்திலேயே, சோதனைக் கரண்ட் ஓடும்போது டெர்மினலின் சூடு அறையின் சூட்டைவிட 45 டிகிரி வரை ஏறலாம் என்று விட்டிருக்கிறார்கள், ஆகவே கொஞ்சம் சூடு இயல்புதான். ஐந்து நொடி கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் வெளிப்பக்கமே 60 டிகிரியை நெருங்கிவிட்டது, உள்ளே டெர்மினல் அதைவிட மேலே. சாதாரண பிவிசி வயர் 70 டிகிரிக்குச் செய்தது. இடைவெளி எவ்வளவு குறைவு என்று பாருங்கள்.

பிளக்கை உருவும்போது கை இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: எவ்வளவு இறுக்கமாக வருகிறது. நல்ல சாக்கெட் பிளக்கை விடாது, இழுத்துத்தான் எடுக்க வேண்டும். வயரின் கனத்திலேயே பிளக் முன்னால் சாய்ந்து நின்றாலோ, ஒற்றை விரலால் தட்டினால் ஆடினாலோ அந்த சாக்கெட்டின் ஸ்ப்ரிங் முடிந்துபோயிற்று. எடுத்த பிளக்கின் பின்களை வெளிச்சத்தில் பாருங்கள், ஒரு பின் மட்டும் மங்கியோ நீலம் பாய்ந்தோ கறுத்தோ இருந்தால் சாக்கெட்டில் அந்தப் பக்கத்து நாக்குதான் குற்றவாளி. மூன்றும் பளபளப்பாக இருந்தும் பிளக் சுடுகிறது என்றால் தளர்ச்சி பிளக்குக்குள், வயர் ஸ்க்ரூவில் இருக்கலாம். பிளக்கைக் கழற்ற முடிகிற வகையாக இருந்தால் உருவிவிட்டுத் திறந்து பாருங்கள். இழைகள் பாதி வெளியே நிற்கும், அல்லது ஸ்க்ரூ செம்பைக் கவ்வாமல் இன்சுலேஷனைக் கவ்வியிருக்கும். சிலர் இழைகளைச் சேர்த்து ஈயம் பூசி ஸ்க்ரூவுக்கு அடியில் வைப்பார்கள், பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி விலகும், சில மாதத்தில் ஸ்க்ரூ தளர்ந்துவிடும்.

சுடுகிற சாக்கெட் நீங்கள் ஹீட்டர் செருகின சாக்கெட்டாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. இதைப் பலர் யோசிப்பதில்லை. பல வீடுகளில் ஒரு சாக்கெட்டின் டெர்மினலிலிருந்தே அடுத்த சாக்கெட்டுக்கு வயர் போயிருக்கும். அப்போது கடைசி அறையில் ஹீட்டர் போட்டால் அந்த 8.7 ஆம்பும் வழியில் இருக்கிற ஒவ்வொரு சாக்கெட்டின் ஸ்க்ரூ வழியாகத்தான் போகிறது. கூடத்தில் ஒன்றுமே செருகாத சாக்கெட் சுடும். ஹீட்டர் ஓடும்போது ஒரு தடவை வீட்டைச் சுற்றி வந்து அந்த லைனில் இருக்கிற மற்ற பிளேட்டுகளையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஹீட்டர் போட்டதும் விளக்கு மங்குவது, துடிப்பது, சுவரிலிருந்து ஈ மொய்ப்பது போல ஒரு ரீங்காரம், நெய்யில் கடுகு பொரிவது போன்ற சடசடப்பு, இதெல்லாம் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. சத்தம் வந்தால் கை வைத்துச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம், நேராக எம்சிபியை இறக்குங்கள்.

ஹீட்டர் பக்கத்துக்குக் கொஞ்சம் வருகிறேன். இரும்பு உடம்பு வைத்த ஹீட்டர், அதாவது ஆயில் ஹீட்டர், கம்பிச் சுருள் ஹீட்டர் வகையெல்லாம், எர்த் இல்லாத சாக்கெட்டில் போடவே கூடாது. மூன்றாவது பின் அலங்காரத்துக்கு வைத்தது இல்லை, உள்ளே சுருள் அறுந்து உடம்பைத் தொட்டால் கரண்ட் எர்த்துக்குப் போக ஒரே வழி அதுதான், அந்த வழி இல்லாவிட்டால் தொடுகிறவர் வழியாகப் போகும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனைக் குளிர்காலம் ஆரம்பிக்கும்போது ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், விழாவிட்டால் மாற்றுங்கள். பீங்கான் பிடிசி ஹீட்டர்கள் சூடு ஏற ஏறத் தாமே கரண்டைக் குறைத்துக்கொள்ளும், அந்த விதத்தில் நல்லவை, ஆனால் போட்ட முதல் சில நொடிகள் எழுதியிருக்கிற அளவைவிட அதிகமாக இழுக்கும். அதைத் தவிர எந்த வகை ஹீட்டரானாலும் சாக்கெட்டுக்கு ஒரே சுமைதான், "ஆயில் ஹீட்டர் கரண்ட் கம்மி" என்று கேள்விப்பட்டு ஏமாற வேண்டாம், 2000 வாட் என்றால் எதுவானாலும் 2000 வாட். திரைச்சீலை, படுக்கை எல்லாவற்றிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். சாக்கெட்டுக்கு நேர் கீழேயோ நேர் எதிரேயோ வைக்காதீர்கள், ஹீட்டர் தன் சூட்டாலேயே சாக்கெட்டைச் சுட்டுவிடும். போடும்போது முதலில் பிளக், பிறகு ஸ்விட்ச். நிறுத்தும்போது முதலில் ஸ்விட்ச், பிறகுதான் பிளக். எரிந்துகொண்டிருக்கும்போதே பிளக்கை உருவினால் வருகிற அந்த நீலப்பொறி ஒவ்வொரு தடவையும் பின்னில் ஒரு குழியைப் பறிக்கிறது.

சாக்கெட் உருகியிருக்கிறது, புகை வருகிறது என்றால் பிளக்கைப் பிடித்து இழுக்காதீர்கள், அது உள்ளே ஒட்டியிருக்கும், இழுத்தால் பாதி கையோடு வந்து கரண்ட் ஓடுகிற முனை வெளியே தெரியும். எம்சிபியையோ மெயினையோ இறக்குங்கள். தண்ணீர் வேண்டாம். சுவருக்குள் சூடு இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்து தொட்டுப் பாருங்கள், தீ பிடித்துவிட்டால் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டுத் தீயணைப்புக்குச் சொல்லுங்கள்.

இனி உங்கள் வீட்டில் செய்ய வேண்டியது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எம்சிபி சரியா என்று மட்டும் கேட்டால் சரி என்றுதான் பதில் வரும், ஆகவே அப்படிக் கேட்காதீர்கள். "ஹீட்டர் ஓடும்போது இந்த பிளக் சுடுகிறது, சாக்கெட்டைக் கழற்றி டெர்மினலைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். சாக்கெட்டை மாற்றினால் பிளக்கையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கறுத்த பின்னைப் புது சாக்கெட்டில் செருகினால் அந்தக் கறுப்பு புது நாக்கையும் சுட்டுக் கெடுக்கும், கெட்ட சாக்கெட்டில் புது பிளக் செருகினாலும் அதுதான் நடக்கும். சூடுபட்ட வயரின் முனையைச் சும்மா சுரண்டிவிட்டு மறுபடி மாட்டவிடாதீர்கள், செம்பு பளிச்சென்று சிவப்பாகத் தெரிகிற இடம் வரை வெட்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். வயர் அதற்குப் போதவில்லை என்றால் புது வயர். முடிந்தால் ஹீட்டருக்கென்று 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில் எம்சிபி பலகையிலிருந்து நேராக ஒரு லைன், அதற்கு 16 ஆம்ப் எம்சிபி, நீங்கள் இருக்கிற நாட்டின் அளவுப்படி ஹீட்டருக்குப் போதுமான சாக்கெட், எர்த்தோடு. ஒரு நாள் வேலைதான்.

அதுவரைக்கும் குளிரில் இருக்க வேண்டாம். வேறொரு அறையில் கையில் சுடாத நல்ல சாக்கெட் இருந்தால் அதில் நேராகச் செருகி, 1000 வாட்டில் வையுங்கள். கரண்ட் பாதியானால் தொடுமுனையில் உண்டாகிற சூடு பாதியாகாது, நாலில் ஒன்றாகிவிடும், முன்னே 36 வாட் என்றேனே அந்த இடத்தில் 9 வாட்தான் இருக்கும். படுப்பதற்கு முன்னால் அறையைச் சூடாக்கிவிட்டு நிறுத்திவிடுங்கள். சுடுகிற அந்தப் பழைய சாக்கெட்டின் மேல் ஒரு டேப் ஒட்டி வையுங்கள், வீட்டில் வேறு யாராவது தெரியாமல் கெட்டிலைக் கொண்டுவந்து செருகிவிடக் கூடாது.

புது சாக்கெட் போட்ட பிறகும் அந்த அரை மணி நேரக் கை சோதனையை முதல் நாள் ஒரு தடவையும், ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவையும் செய்து பாருங்கள். புதிதாக முறுக்கின ஸ்க்ரூ சூட்டில் விரிந்து சுருங்கி முதல் மாதத்தில் கொஞ்சம் தளரும். அப்படி இருந்தால் எம்சிபியை இறக்கிவிட்டு கால் சுற்று முறுக்கினால் போதும்.